வரைபடத்தில் மூன்று

பதினோரு நாள் விடாத மழை.
சிட்னி ரயில் மண்சரிவில் நின்றுபோனது.
பன்னிரண்டாம் நாள் காலை
எதுவுமே நடக்காதது போல் ஒரு வெயில்.
வாசலில் கோரல் ஹாரன் அடிக்கிறாள்:
இரண்டே கிலோமீட்டர், மூன்று அருவி,
மதியச் சூப்புக்குள் வீடு.

பாதை தொடங்கும் இடத்தில் மஞ்சள் பலகை.
படிகள் வழுக்கும், சொந்தப் பொறுப்பில் இறங்கவும்.
பெவன் அதை உரக்க வாசிக்கிறான்,
எங்களுக்காக அல்ல,
காதுக் கருவியில் பேட்டரி இருக்கிறதா என்று பார்க்க.
நான்கு வருடமாக அவன்
தட்டைப் பார்த்துச் சாப்பிடுவதில்லை,
என் உதட்டைப் பார்த்துத்தான்.

யூகலிப்டஸ் மரங்கள் பட்டை உரிந்து
உள்தோல் சிவக்க நிற்கின்றன.
மரப்பெரணிகள் தலைக்குக் குளித்துவிட்டு
இன்னும் துவட்டிக்கொள்ளவில்லை.
பாறையில் விரலை வைத்தால்
விரலைச் சுற்றிக்கொண்டு ஒழுகுகிறது.

முதல் அருவி, ஜனவரியில்
யாரோ சரியாக மூடாத குழாய்.
இன்று கடுந்தேநீர் நிறத்தில்
விளிம்பைத் தொடாமலே எட்டிக் குதிக்கிறது.
அதற்கும் இரண்டாவதற்கும் நடுவே
பெயரில்லாத ஒன்று,
அதையடுத்து இன்னொன்று,
பாதையின் மேலேயே, எங்கள் பூட்ஸின் மேலேயே ஒன்று.

"அது அருவியல்ல, வழிந்தோடும் நீர்" என்கிறார் மெர்வின்.
முப்பது வருடம் நில அளவைத் துறை.
"விழுந்தால் அருவிதான்" என்கிறாள் கோரல்.
"எவ்வளவு உயரம் என்று ஒரு கணக்கு உண்டு."
"ஈஸ்டருக்கு நான் குளியலறையில் விழுந்தேனே,
என்னை எதில் சேர்ப்பீர்கள்?"
மெர்வின் நோட்டை எடுத்துக் கோடு கிழிக்கிறார்.
ஈரத் தாளில் பென்சில் பிடிக்கவில்லை.

இரண்டாவதன் கைப்பிடிக் கம்பியை
வெள்ளம் கொண்டுபோய்விட்டது.
பெஞ்ச் மட்டும் மிச்சம். பித்தளைத் தகட்டில்
யாரோ ஒருவரின் பெயர்,
அவருக்கு இந்த இடம் பிடிக்கும் என்று.
இன்று நன்றாக நனைந்திருப்பார், என்றாள் கோரல்.
தகட்டை நான் இரண்டு தடவை படித்தேன்.

படி நடுவே ஒரு சிங்கி இறால்,
முதுகெல்லாம் முள்.
ஓடையே படியேறி வந்துவிட்ட பிறகு
அது மட்டும் ஏன் ஓடையில் இருக்க வேண்டும்?
இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு சீறுகிறது.
நால்வரும் ஒதுங்கி வழிவிட்டோம்.
அதற்கு அவசரமில்லை.

கோரலின் காலுறையில் அட்டை.
உப்பு டப்பா காரிலேயே இருந்துவிட்டது.
"குடிக்கட்டும், கொலஸ்ட்ராலையும் சேர்த்து."

கடைசி அருவியைக் கண்ணுக்கு முன்பே
நெஞ்செலும்பு அறிந்துவிட்டது.
வளைவில் திரும்பினால், வெள்ளை.
எதிர்க்கரை இல்லை, வானம் இல்லை,
மெர்வினின் தொப்பி இல்லை.

பெவன் கருவிகள் இரண்டையும் கழற்றி
புதினா மிட்டாய் டப்பாவில் போட்டு மூடினான்.
கோரல் கத்துகிறாள். மெர்வின்
கையைக் குவித்துக்கொண்டு கத்துகிறார்.
மீன்தொட்டியில் போல் வாய்கள்.
பெவன் ஒருவன்தான் சிரிக்கிறான்,
இது உங்களுக்குப் புதிதா என்பது போல.

அந்த இரைச்சலுக்குள் முகத்தை நீட்டி
செவ்வாய்க்கிழமையிலிருந்து
நாக்கின் அடியில் வைத்திருந்ததைச் சொன்னேன்,
தண்ணீரிடம், தண்ணீரிடம் மட்டும்:
கடிதம் வந்துவிட்டது.
மறுபடி வரச் சொல்கிறார்கள், துணைக்கு ஒருவரோடு.
சாரல் என் கண்ணாடியைக் கழுவியது.
துடைத்துப் போட்டுக்கொண்டபோது
பெவன் அருவியைப் பார்க்கவில்லை.

ஏறும்போது மெர்வின் பதினொன்று என்றார்.
கோரல் பத்தொன்பது என்றாள், சிங்கி இறாலையும் சேர்த்து.
காரில் ஈரக் காலுறை நாற்றம், ஹீட்டர் வேறு.
பெவன் டப்பாவைத் திறந்து
இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று,
விசில் அடங்கும்வரை திருகினான்.

"எங்கே வைத்திருக்கிறாய்?"

ரொட்டி டப்பாவுக்கு அடியில், என்றேன்.